டூரிங் டாக்கீஸ், ஃபிலிம் துண்டு, மிட்டாய்: உங்கள் அனுபவம்?

மணல்மேடு:
1974 வாக்கில், தஞ்சாவூர்ப் பக்கம். ஒலிபெருக்கிக் குழாயில் பிள்ளையார் பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். தெருவே ஓடும். தரை டிக்கெட், மணலைக் குவித்து உட்காருவது, பின்னால் இருப்பவர் திட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். என்னைத் துரத்துவது வேறு. கதாநாயகன் அம்மாவிடம் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார், படம் அப்படியே நின்றது. அவர் கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. அது கொப்பளித்து, விரிந்து, முகத்தையே தின்றுவிட்டது. அப்புறம் வெறும் வெள்ளைத் திரை. கொட்டகை முழுக்க விசில். ஆள் செத்துவிட்டார் என்று நான் அலறினேன். ஒட்டி மறுபடி ஓட்டியபோது அவர் வேறு ஊரில் நடந்துகொண்டிருந்தார். அம்மாவிடம் என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. நைட்ரேட் ஃபிலிம் அல்லவா, சூடு தாங்காது.

கமர்கட்:
நைட்ரேட் இல்லை ஐயா. கோடாக் அதை 1950களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. 74-ல் உங்கள் ஊருக்கு வந்தது எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் ஃபிலிமாகத்தான் இருக்கும். நைட்ரேட் என்றால் குப்பென்று பற்றிக் கீற்றுக் கொட்டகையே போயிருக்கும். நொடிக்கு 24 கட்டம் ஓட வேண்டிய சுருள், கார்பன் வெளிச்சத்தின் முன்னால் சிக்கி நின்றால் எதுவானாலும் பொசுங்கும். அப்படிப் பொசுங்கியதை வெட்டி எறிவார்களே, அதுதான் எங்கள் சொத்து. கதாநாயகி இருக்கிறாள் என்று சொல்லி ஒருவன் என்னிடம் இரண்டு கமர்கட் வாங்கிக்கொண்டு ஒரு துண்டு கொடுத்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தால் மாட்டு வண்டி. அதுவும் பின்பக்கம்.

வேட்டித்திரை:
அந்தத் துண்டுகளை வைத்து எங்கள் வீட்டிலேயே படம் காட்டுவோம். அண்ணன்தான் ஆபரேட்டர், அப்பா வேட்டிதான் திரை, நுழைவுக்கு ஆரஞ்சு மிட்டாய். பேரப்பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஆசைப்படுகிறவர்கள் கவனிக்கவும். அந்தக் காலத்தில் ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியை உடைத்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பி லென்ஸாக வைத்துக்கொள்வோம். இப்போது அதைச் செய்யாதீர்கள், கை கிழியும். எல்இடி பல்பு உதவவே உதவாது. கடையில் பூதக்கண்ணாடி வாங்குங்கள். அறையை நன்றாக இருட்டாக்குங்கள். வாசலில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வெயிலை உள்ளே திருப்பி, முதலில் ஃபிலிம், அடுத்து லென்ஸ், அதற்கப்புறம் வேட்டி என்று வையுங்கள். ஃபிலிமைத் தலைகீழாகப் பிடித்தால்தான் படம் நேராக விழும். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினால் தெளிவாகும். வெயிலைத் திருப்பும் கண்ணாடியைக் குழந்தைகள் நேராகப் பார்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் லென்ஸை வெயிலில் விட்டுவிடாதீர்கள், துணி பற்றிக்கொள்ளும்.

ஜவ்வுவாட்ச்:
ஜவ்வு மிட்டாய்க்காரரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! கொட்டகை வாசலில் மூங்கில் கழி, உச்சியில் கை தட்டும் பொம்மை. எனக்கு ரோஸ் கலரில் வாட்ச் கட்டிவிட்டு, கன்னத்தில் கொஞ்சம் ஒட்டியும் விட்டார். இடைவேளை வரை நக்கக் கூடாது என்று எனக்கும் தங்கைக்கும் பந்தயம். பின்னால் இருந்த ஒரு அண்ணன், "தம்பி, மணி என்ன?" என்றார். பெருமையாகக் கையை நீட்டினேன். குனிந்து ஒரே கடியில் வாட்சைத் தின்றுவிட்டார். அடுத்த வருஷமே அவர் எங்கள் அத்தையைக் கட்டிக்கொண்டார், நானும் மாமா என்று கூப்பிட வேண்டியதாயிற்று.