மலைக்குப் போகும் விமானத்துக்கு நான் ஏன் 500 ரேண்ட் போட வேண்டும்?

சாட்ஸ்வொர்த் குமரன்:
வணக்கம். என் அத்தை மகன் ஒருவன் சில வருஷமாகப் பெந்தகொஸ்தே சபைக்குப் போகிறான். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவன் ஒரு காணிக்கை உறையை நீட்டினான். லெசோத்தோ மலைக் கிராமங்களுக்கு மருந்து, நர்ஸ், நோயாளி என்று ஏற்றிக்கொண்டு பறக்கும் சிறு விமானங்களுக்காகச் சபையில் காசு சேர்க்கிறார்களாம், நீயும் ஒரு 500 ரேண்ட் போடு என்றான். விமானம் ஓட்டுகிறவர்கள் பெயர் மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப், சுருக்கமாக எம்.ஏ.எஃப். அம்மா சமையலறையிலிருந்தே "புரட்டாசியில் வந்து கேட்கிறான் பார்" என்று முணுமுணுத்தார். எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. லெசோத்தோ தனி நாடு என்றாலும் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு அடுத்த வீடு. டர்பனில் காலையில் கிளம்பி சானி கணவாயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். அங்கே ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தால் அவளைத் தூக்கி வர நான் காசு கொடுப்பதில் என்ன தப்பு? இல்லை, மதம் மாற்றுகிறவர்களுக்கு நானே பெட்ரோல் ஊற்றுகிறேனா? சண்டை போடாமல் சொல்லுங்கள்.

மணல்மேடு:
கொடுக்காதே தம்பி. சோழியன் குடுமி சும்மா ஆடாது. இந்த விமான ஊழியம் எங்கே பெயர் வாங்கியது தெரியுமா? தென் அமெரிக்காவில், ஈக்வடார் காட்டில். நேட் செயின்ட் என்ற எம்.ஏ.எஃப். பைலட், அங்கே வாழும் வாவோரானி பழங்குடி மக்களின் குடிசைகளுக்கு மேலே வட்டமடித்து, கயிற்றில் வாளி கட்டி இறக்கி, பானை, துணி என்று வாரக்கணக்கில் பரிசு கொடுத்தார். அப்புறம் அவரும் இன்னும் நான்கு மிஷனரிகளும் ஆற்று மணலில் இறங்கினார்கள். 1956 ஜனவரி 8, ஐந்து பேரையும் அந்த மக்கள் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். உலகம் முழுக்க இதைத் தியாகக் கதையாகச் சொல்கிறார்கள், செத்தவர்களுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் அடுத்து நடந்ததை யாரும் சபையில் சொல்வதில்லை. சிதறி வாழ்ந்த வாவோரானிகளை மிஷன் இடத்துக்குக் கொண்டுவந்து நெருக்கமாகக் குடிவைத்தார்கள், அவர்கள் காலி செய்த காட்டுக்குள் எண்ணெய்க் கம்பெனி போனது, 1969இல் அந்தக் குடியிருப்பில் போலியோ பரவிப் பலர் செத்தார்கள், பலருக்குக் கால் போனது. வாளியில் வந்த பானையின் விலை அது.

ஒற்றை எஞ்சின்:
ஈக்வடாரை வைத்து லெசோத்தோவுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள் அண்ணா. நான் கிறிஸ்தவன் இல்லை, எந்தச் சபைக்கும் வக்கீலும் இல்லை. பொழுதுபோக்குக்கு விமானம் ஓட்டுகிறவன், டர்பன் விர்ஜினியா ஏர்போர்ட்டில் பயின்றவன், அந்தக் கண்ணோடு மட்டும் பேசுகிறேன்.

லெசோத்தோவில் எங்கே நின்றாலும் கடல் மட்டத்துக்கு மேலே 1,400 மீட்டராவது இருக்கும். முழு நாடும் 1,000 மீட்டருக்கு மேலே இருப்பது உலகத்தில் அது ஒன்றுதான். மலையை செங்கூ ஆறு ஆழமாக வெட்டி வைத்திருக்கிறது. எதிர்க்கரைக் கிராமம் கண்ணுக்குத் தெரியும், போக அரை நாள் குதிரை. அங்கே இறங்குதளம் என்று சொல்வது மேய்ச்சல் நிலத்தில் கல் பொறுக்கிய ஒரு பட்டை. மத்தெகானே என்ற இடத்தில் இருப்பது 400 மீட்டர் நீளம்தான், சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், அதன் நுனியில் தரை முடிந்து பள்ளத்தாக்கு ஆரம்பிக்கிறது. அந்த உயரத்தில் காற்று லேசு. எஞ்சினுக்கும் பலம் குறையும், இறக்கைக்கும் பிடி குறையும், வெயில் ஏற ஏற இன்னும் மோசம். அதனால்தான் காலையிலேயே பறந்து முடிக்கப் பார்ப்பார்கள். பல இடங்களில் மேட்டைப் பார்த்து இறங்கி, பள்ளத்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். இறங்கும்போது ஒரு புள்ளியைத் தாண்டிவிட்டால் மறுபடி எழும்ப முடியாது, எதிரே மலை. முதலில் ஒரு சுற்று சுற்றி ஆடு மாடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

இதற்கெல்லாம் செஸ்னா 206 மாதிரி சின்ன வண்டிதான் லாயக்கு. பைலட்டைத் தவிர ஐந்து பேர் உட்காரலாம், உயரத்தில் அதுவும் குறையும். எந்த வியாபார கம்பெனி ஐந்து ஏழைகளுக்காக அங்கே போகும்? பைலட்டுகளே தங்கள் செலவுக்குச் சொந்த ஊர்ச் சபைகளில் மாதாமாதம் காசு திரட்டிக்கொண்டு வருகிறார்கள், அதனால்தான் ஓடுகிறது. 1980இலிருந்து அங்கே பறக்கிறார்கள், அந்நாட்டு அரசின் பறக்கும் மருத்துவர் சேவையோடு சேர்ந்து. லெசோத்தோவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஹெச்ஐவி. மாத்திரை ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மணல்மேடு:
ஓட்டும் திறமையை நான் குறை சொல்லவே இல்லை. இந்தோனேசியாவின் பாப்புவாவில் ஜாய்ஸ் லின் என்ற எம்.ஏ.எஃப். பெண் பைலட் 2020 மே 12 அன்று செந்தானி ஏரியில் விழுந்து இறந்தார், ஒரு மலைக் கிராமத்துக்குக் கொரோனா பரிசோதனைப் பெட்டியும் பள்ளிக்கூடச் சாமானும் கொண்டுபோகும்போது. அவருக்கு என் வணக்கம். என் கேள்வி வேறு. ஆபத்தில் இருக்கிறவன் முன்னால் வந்து நிற்கிற ஒரே ஆள் நீதான் என்றால், நீ எதைச் சொன்னாலும் அவன் தலையாட்டுவான். அந்த நிலைமையில் மதத்தைக் கொண்டு வராதே என்கிறேன்.

சொந்தக் கதை ஒன்று. என் பெரியம்மா ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் கிடந்தபோது ஒரு கூட்டம் தினமும் வந்து கையைப் பிடித்து ஜெபித்தது. பழம் கொடுத்தார்கள், தலை வாரிவிட்டார்கள், நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கூடவே இருந்தார்கள், அதெல்லாம் உண்மை. செத்த பிறகு வந்து "இவர் எங்கள் சபை, நாங்கள்தான் அடக்கம் செய்வோம்" என்றார்கள். நாற்பது வருஷம் காவடி எடுத்தவர். எரிப்பதா புதைப்பதா என்று பிணத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சண்டை. அன்றைக்குப் பிரிந்த குடும்பம் இன்னும் சேரவில்லை. எனக்கு எரிச்சல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

எஸ்தர்:
அண்ணா, உங்கள் பெரியம்மா விஷயத்தில் அவர்கள் செய்தது தப்பு, ஒரு கிறிஸ்தவளாகச் சொல்கிறேன். ஆனால் ஒரு சபை செய்ததற்கு எல்லாரும் பொறுப்பா? நம்பிக்கை இருப்பதால்தான் ஒருவன் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு மலையில் போய்க் குளிரில் உட்கார்ந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். ஆளையும் அவன் நம்பிக்கையையும் எப்படிப் பிரிப்பீர்கள்? நீங்கள் ஏன் காவடி எடுக்கிறீர்கள் என்று நான் கேட்டேனா?

மணல்மேடு:
தங்கச்சி, நான் காவடி எடுத்துக்கொண்டு உங்கள் ஐசியூவுக்குள் வரவில்லையே.

பிரிக்க முடியாது என்கிறீர்கள், ஆஸ்திரேலியாவில் பிரித்திருக்கிறார்கள். அங்கே பறக்கும் டாக்டர் சேவையை 1928இல் ஆரம்பித்தவர் ஜான் ஃபிளின், பிரஸ்பிடேரியன் பாதிரியார். இன்றைக்கு அது எந்தச் சபையின் சொத்தும் இல்லை, பொது அமைப்பு. நம் ஊரிலேயே செஞ்சிலுவையின் ஏர் மெர்சி சர்வீஸ் 1966இலிருந்து பறக்கிறது, கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டர்களைக் கொண்டுபோய் இறக்குகிறது, ஜெபம் இல்லாமலேயே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. குமரன், உன் 500ஐ அங்கே கொடு.

எஸ்தர்:
ஆரம்பித்தது பாதிரியார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் 🙂

மலைக்காற்று:
எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன், முடியவில்லை. நான் நர்ஸ். சொந்த ஊர் நாகர்கோவில், கல்யாணமாகி டர்பன் வந்தவள். நடுவில் இரண்டு வருஷம் லெசோத்தோவில் ஒரு மலைக் கிளினிக்கில் வேலை பார்த்தேன். இந்த விமானத்தில் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று கணக்கே இல்லை, பாதி தடவை வாந்தி.

குமரன் தம்பிக்கு: கிளம்பும் முன் பைலட் ஜெபம் செய்வார். ஆமாம், எல்லாரையும் ஏற்றி, பெல்ட் போட்டு, எடை கணக்குப் பார்த்து, எஞ்சினை முடுக்கும் முன் அரை நிமிஷம். கண்ணை மூடச் சொல்ல மாட்டார். நான் "முருகா" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்த ஓடுபாதையைப் பார்த்தால் மணல்மேடு அண்ணாவும் சொல்வார்.

மணல்மேடு:
நீங்கள் படித்தவர், வேலைக்குப் போனவர், மனசுக்குள் முருகா சொல்லலாம். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்க, சலைன் பாட்டிலோடு படுத்திருப்பவள் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வாளா? அதைச் சொல்லுங்கள் அக்கா.

மலைக்காற்று:
சொல்கிறேன். அப்படி ஒருத்தியோடு போயிருக்கிறேன். பைலட் வாயைத் திறக்கும் முன் அவளே வலிக்கு நடுவில் அந்த ஊர் செசோத்தோ மொழியில் பாட்டு எடுத்தாள், கூட வந்த மாமியார் சேர்ந்துகொண்டாள், பைலட் காத்திருந்தார் பாவம், அவர்கள் முடிக்கும் வரை. யார் யாருக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பது? பிரான்சிலிருந்து முதல் மிஷனரிகள் அங்கே வந்தது 1833இல், நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வருவதற்கு 27 வருஷம் முன்னால். கூப்பிட்டதே ராஜா மொஷ்வேஷ்வேதான், துப்பாக்கி வைத்திருந்த எதிரிகளுக்கு நடுவில் அவருக்கு எழுத்தும் ஆலோசனையும் வேண்டியிருந்தது. அவர் மட்டும் கெட்டிக்காரர், 1870இல் சாகும் வரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. இன்றைக்கு அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள். அங்கே விமானத்தில் வந்து மதம் மாற்ற ஆள் தேட வேண்டும்.

ஆனால் அண்ணா சொல்வதில் ஒன்று எனக்கும் உறுத்தும். எங்கள் விமானத்தில் யார் ஏறுவது என்பதை முடிவு செய்தது கிளினிக். அது சரி. பைலட் முடிவு செய்யக் கூடாது, சபை முடிவு செய்யக் கூடாது. பாப்புவா மாதிரி இடத்தில் விமானம் ஒன்றே வழி, அதில் நோயாளியும் பைபிள் மொழிபெயர்ப்பவரும் போதகரும் மாறி மாறிப் போகிறார்கள் என்றால், அரிசிக்கும் வேதத்துக்கும் ஒரே வாசல் ஆகிவிடும். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஒற்றை எஞ்சின்:
இதற்கு நேர்ப் பதில் இருக்கிறது என்று நினைக்கவில்லை. 1946இல் எம்.ஏ.எஃப்.இன் முதல் பயணத்தை ஓட்டிய பெட்டி கிரீன், போரில் அமெரிக்க ராணுவத்துக்கு விமானம் ஓட்டியவர், ஏற்றிப் போனதே பைபிள் மொழிபெயர்ப்பாளர்களைத்தான். மறைக்கவும் இல்லை. பெயரிலேயே மிஷன் இருக்கிறது.

டோங்காட் தாத்தா:
என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோவில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். குமரா, நீ கேட்டது காசு விஷயம். இதே டர்பனில் செயின்ட் ஏடன்ஸ் மிஷன் என்று இருந்தது, தலைவர் டாக்டர் பூத். ஆங்கிலிக்கன். நம் ஒப்பந்தக் கூலி ஜனங்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். அவர் பொறுப்பில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி திறக்கக் காசு கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? பார்சி ருஸ்தம்ஜி. நெருப்புக்கு முன்னால் நின்று கும்பிடுகிறவர். அங்கே மருந்து கலக்கப் போய் நின்றது யார்? காந்தி. வந்த நோயாளிகள் பெரும்பாலும் தமிழ், தெலுங்கு, வடநாட்டு ஜனங்கள். ஒருவரும் மற்றவர் சாமியைக் கேட்டு நிற்கவில்லை.

இன்னொன்று. இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடுவது எந்த நாள்? பெரிய வெள்ளி. கரும்புத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் விடுமுறை விட்டது ஈஸ்டருக்குத்தான், நம் ஆட்கள் அந்த லீவில் அம்மனுக்குத் திருவிழா எடுத்தார்கள். அவனுடைய நாளை எடுத்து நம் வேலைக்கு வைத்துக்கொண்டோம்.

மணல்மேடு:
தாத்தா, கும்பிட்டேன். உங்கள் கதையே என் பக்கம்தான். ருஸ்தம்ஜி கொடுத்த காசு ஆஸ்பத்திரிக்கு என்று கொடுத்தது. மருந்தாக மாறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். குமரன் கொடுக்கும் காசு எங்கே போகும்? லெசோத்தோ பெட்ரோலுக்கா, பாப்புவாவில் போதகர் டிக்கெட்டுக்கா, இல்லை சபை ஸ்பீக்கர் பாக்ஸுக்கா? அத்தை மகனைக் கேள். உறை மேலே "நோயாளி பயணத்துக்கு மட்டும்" என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா? ஏற்றுக்கொண்டால் நானும் 200 போடுகிறேன். எழுதி வைத்துக்கொள்.

எஸ்தர்:
200ஆ அண்ணா, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

சாட்ஸ்வொர்த் குமரன்:
மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கேட்டேன். அத்தை மகனுக்குத் தெரியவில்லை, நல்ல பையன், கோபப்படாமல் பொருளாளரிடம் போய்க் கேட்டான். எல்லாம் ஒரே கணக்கில்தான் விழும், அங்கிருந்து மொத்தமாக அனுப்புவோம், தனியாகப் பிரித்து எழுதித் தர முடியாது என்றாராம். அதில் தப்பு இருக்கிறதா என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கோவிலில் நான் உண்டியலில் போடும் காசுக்கு யாரும் ரசீது தந்ததில்லை.

மலைக்காற்று:
சபை வழியே போக வேண்டும் என்று யார் சொன்னது? லெசோத்தோவில் பறக்கிறவர்களிடமே நேராக எழுதிக் கேள் தம்பி, நோயாளி பயணத்துக்கு என்று தனியாக வாங்குவார்களா என்று. கேட்பதற்குக் காசா பணமா.

சாட்ஸ்வொர்த் குமரன்:
கேட்டு எழுதியிருக்கிறேன் அக்கா, இன்னும் பதில் இல்லை. உறை ஃபிரிட்ஜ் மேலே அம்மாவின் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன், உள்ளே யாரோ 50 ரேண்ட் வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டால் "எனக்கென்ன தெரியும், பிரசவம் என்றாயே" என்கிறார்.

மணல்மேடு:
அம்மாவுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன் 🙏 லெசோத்தோவிலிருந்து பதில் வந்தால் இங்கே போடு. 200 நிற்கிறது.