மறு: ‘சோயில் சீலிங்’ – ‘மண் முத்திரையிடல்’ வேண்டாமே

> சோயில் சீலிங் = மண் முத்திரையிடல். சரிதானே ஐயா?

தம்பி, முத்திரை குத்துவது தபாற்கந்தோரில். இங்கே தாரும் சீமெந்தும் போட்டு மண்ணை மூடுகிறோம், அவ்வளவுதான். ‘தரைமூடல்’ என்றால் விளக்கமே தேவையில்லை.

சிக்கல் நம் கலைச்சொற் பட்டியலின் அடுத்த சொல்லில், இம்பேர்வியஸ் சேர்ஃபேஸ்; அதாவது மழைத்தண்ணீரைக் கீழே இறங்கவிடாத மூடிய இடம். ‘நீர்புகாப் பரப்பு’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு பாதியும் எனக்கு ஒத்துவரவில்லை. நீர்புகா என்பது கைக்கடிகாரத்துக்கும் மொட்டைமாடிப் பூச்சுக்கும் சொல்லும் பாராட்டு. பரப்பு என்றாலோ யாழ்ப்பாணத்தில் காணி அளவு. ‘வளவில் இரண்டு நீர்புகாப் பரப்பு’ என்று எழுதினால் உறுதி எழுதும் நொத்தாரிசு சிரிப்பார்.

என் முன்மொழிவு ‘பொசியாத்தரை’. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது; வழுக்கியாறும் மழைக்காலத்து ஆறுதான். குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து சுண்ணாம்புக்கல்லுக்குள் பொசிந்த தண்ணீர். அது அடியிலுள்ள உப்புநீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. கணக்குப்படி, நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும். முற்றம் முழுக்கக் கல் பதித்து மழையை ஒழுங்கைக்குத் துரத்தினால் மெலிவது அந்த வில்லைதான். சின்ன வளவுக்குள் மலகூடக் குழியும் கிணறும் நெருங்கி நிற்கின்றன, தோட்டத்து உரம் வேறு. சேரும் நைத்திரேற்றை ஐதாக்கப் புதுத்தண்ணீரும் இறங்காது. (உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மிஞ்சினால் முதல் ஆபத்து போத்தல்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு.) ஒழுங்கையில் தேங்கியது நுளம்புக்கு.

இன்னொரு வசதியும் உண்டு. தண்ணீரைக் கீழே விடும் கல்லுக்குப் ‘பொசிதரை’ என்று சோடிச்சொல் கிடைக்கிறது. வினைத்தொகை, ஆகவே ‘த்’ மிகாது.

> அப்ப கூரை? அதுவும் பொசியாதே. கூரையைத் தரை எண்டு சொல்லலாமோ?

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர், தம்பி. கூரை தரையாகாது. ஆனால் கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துத் தொட்டிக்கோ குழிக்கோ இறக்குவது சுலபம், முற்றத்துக்கு அது அவ்வளவு சுலபமில்லை. அதனால் மூடிய இடங்களைக் கணக்கிடும் அட்டவணையில் கூரையைத் தனி நிரலில் போடுவோம். இரண்டையும் கூட்டும் இடத்துக்குப் ‘பொசியா மூடுகை’ என்று எழுதிப் பார்த்தேன். வாயில் நுழையவில்லை என்றால் சொல்லுங்கள், மாற்றலாம்.