வெள்ளிக்கிழமை சிவப்பு, திங்கட்கிழமை பச்சை. உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

நான் டெஸ்டிங் லீடாக இருந்த ஒரு புராஜெக்ட். பேமெண்ட் மாட்யூலில் 41 பெரிய பிழைகள் அப்படியே கிடந்ததால், வெள்ளிக்கிழமை ஸ்டேட்டஸ் ஷீட்டில் அதற்கு நேரே சிவப்பு (சிக்கல் இருக்கிறது என்று அர்த்தம், பச்சை என்றால் எல்லாம் சரி) போட்டுவிட்டுக் கிளம்பினேன். திங்கட்கிழமை கிளையண்ட் மீட்டிங்கில் பார்த்தால் அதே கட்டம் பச்சையாக இருக்கிறது. எடிட் ஹிஸ்டரியைத் திறந்தேன்: ஞாயிறு இரவு 11:20, மேனேஜர் பெயர். கேட்டதற்கு, "ரெண்டு வாரத்துல சரி பண்ணிடலாம், எதுக்கு இப்பவே பயமுறுத்தணும்" என்றார். கெட்டவர் இல்லை அவர். மைல்ஸ்டோன் முடிந்ததாகக் கையெழுத்தானால்தான் பில் போகும், பில் போனால்தான் அவருக்கு போனஸ், அவ்வளவுதான் கணக்கு.

கம்பெனிக்குள்ளேயே முறைகேடுகளைச் சொல்ல இருக்கும் எத்திக்ஸ் ஹாட்லைனில் பெயர் போடாமல் புகார் கொடுத்தேன். அங்கேதான் சொதப்பினேன். அந்த 11:20-ஐ அப்படியே எழுதிவிட்டேன், ஆனால் அந்த ஷீட்டைத் திறக்க முடிந்ததே நான்கு பேரால்தான். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மீட்டிங் அழைப்புகள் மட்டும் நின்றுபோயின, அப்புறம் அப்ரைசலில் "டீமோடு ஒத்துப்போவதில்லை" என்று ஒரு வரி.

— பதில் 1

உள்ளே சொல்லி என்ன பயன், வெளியே சொன்னால் பணமே கிடைக்குமே என்பார்கள். அது எல்லாப் புகாருக்கும் இல்லை. அமெரிக்காவில் 2010-இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டப்படி, பங்குச்சந்தை ஆணையத்துக்குக் கொடுத்த தகவலால் 10 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டால், வசூலானதில் 10 முதல் 30 சதவீதம் தகவல் தந்தவருக்குப் போகும். அதுவும் முதலீட்டுச் சட்டங்களை மீறியிருந்தால்தான். ஷீட்டில் நிறம் மாற்றியதற்கு எவன் தருவான்? நிறத்தை மாற்றுகிறவருக்கு மட்டும் போனஸ் உடனே வருகிறது.

நான் ஒருமுறை வேறு மாதிரி செய்தேன். புகார் எதுவும் எழுதவில்லை, ரிஸ்க் ரெஜிஸ்டரில் (புராஜெக்ட்டின் ஆபத்துகளைக் குறித்துவைக்கும் பட்டியல்) பிழை எண்ணிக்கையையும் தேதியையும் போட்டு, அந்த ஆபத்தை "ஏற்றுக்கொண்டவர்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டு மேனேஜருக்கே அனுப்பினேன். அதில் தன் பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை, மூன்றாம் நாள் லைவ் போகும் தேதியைத் தள்ளிவைத்தார். இது எல்லா இடத்திலும் பலிக்காது, மேனேஜருக்குக் கொஞ்சமாவது பயம் இருக்க வேண்டும்.

சரி, அந்த 41 பிழை என்ன ஆயிற்று?

— முதலில் எழுதியவர்

லைவ் போன அன்றே சிலருக்கு ஒரே தொகை இரண்டு தடவை கழிந்தது. ராத்திரி ஒரு மணிக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள்.