காற்று அடங்கிய வேளையில் காற்றாலை மின்சாரம் கிடைக்குமா?

கேள்வி:
காற்றாலை அசையாமல் நிற்கும் நேரத்திலும் அதன் மின்சாரத்தைப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். காற்றே இல்லாதபோது அது எங்கிருந்து வரும்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்:
காற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் பெரும்பாலான காற்றாலைகள் மின்சாரம் தருவதில்லை. முன்பு வீசிய காற்றின் ஆற்றலைச் சேமித்து வைத்திருந்தால்தான் உண்டு. ஸ்பெயினைச் சேர்ந்த எல் இயர்ரோ தீவில் 2014 முதல் இதற்கென ஒரு நிலையம் இயங்குகிறது. காற்று பலமாக வீசும்போது மிஞ்சும் மின்சாரத்தால் பம்புகளை ஓட்டி, கீழ்த் தேக்கத்துத் தண்ணீரைப் பழைய எரிமலை வாயில் அமைந்த மேல் தேக்கத்துக்கு ஏற்றுகிறார்கள். காற்று அடங்கியதும் அதே தண்ணீர் குழாய் வழியே பாய்ந்திறங்கி டர்பைனைச் சுழற்றுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. தண்ணீரை ஏற்றச் செலவான மின்சாரம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா?

இரண்டாம் பதில்:
கிடைக்காது. உராய்விலும் வெப்பத்திலும் போவது போக, ஏறத்தாழ முக்கால் பங்கு மீளும். ஆனாலும், நல்ல காற்று வீசும்போது வாங்க ஆளில்லை என்று காற்றாலையை நிறுத்தி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாம் பதில்:
மலையில்லாத இடங்களில் லித்தியம் பேட்டரிகள் கைகொடுக்கின்றன, ஆனால் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குத்தான். நாள்கணக்கில் காற்று அடங்கிவிட்டால், வேறு காற்று வீசும் தொலைதூரப் பகுதிகளோடு மின்கம்பிகளால் இணைந்திருப்பதே பெரிய துணை என்பது என் உறுதியான கருத்து.