பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நாவல்: 200 பக்கம்தான் எல்லையா?

வைகைக்கரை:
பக்கத்து இழையில் 'அளவுகோல்' எழுதியதைப் படித்த எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். "பத்து, பதினொன்று படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் நாவல் 200 பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படிக்காது." இதுதான் அவர் அறிவுரை. என்ன கதை, என்ன மொழி, எப்படிப்பட்ட பிள்ளை என்று ஒரு கேள்வி கிடையாது. ஸ்கேலை வைத்து அளந்து முடித்துவிட்டார்.

எந்த 200 பக்கம் ஐயா? டெம்மி என்கிற சற்றுப் பெரிய புத்தக அளவில் பக்கத்துக்கு 30 வரி, வரிக்கு 8 சொல் என்றால் 240 சொல். அதே கதையை அதைவிடச் சிறிய கிரவுன் அளவில், எழுத்தைப் பெரிதாக்கி அச்சடித்தால் 300 பக்கத்துக்குப் போய்விடும். ஒரே நாவல் ஒரு கடையில் பிள்ளைக்கு ஆகும், அடுத்த கடையில் ஆகாதா?

200 பக்கத்தை எங்கோ தாண்டிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரத் தொடராக வந்தது. அத்தியாயம் ஒன்றுக்குச் சராசரி 8 பக்கம். அடுத்த வாரம் வரை வாசகனைக் காக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சோடு நிற்கும். ஆறாவது அத்தியாயம் 'நடுநிசிக் கூட்டம்'. கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் கூடிப் பேசுவதை வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்கிறான். அதுவரை ஏறத்தாழ 50 பக்கம். அங்கே பிடித்துக்கொள்ளாத பிள்ளைக்கு அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், எடுத்து வைத்துவிடலாம். பிடித்துக்கொண்ட பிள்ளை பக்க எண்ணைப் பார்க்கவே பார்க்காது.

அளவுகோல்:
நான் எழுதியதை மாற்றாமல் எடுத்துப் போட்டதற்கு நன்றி. அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். 200 பக்கம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். பாடப் புத்தகம் தவிர வேறு தமிழ் படித்துப் பழகாத பிள்ளை நிமிடத்துக்கு 120 சொல் படிக்கிறது என்று வைப்போம். ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம். டியூஷனும் வீட்டுப்பாடமும் போக நாளுக்கு 20 நிமிடம் கிடைத்தால் 10 பக்கம். 200 பக்க நாவல் 20 நாளில் முடியும். வழக்கமான டெம்மி பதிப்பில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் 2,000 பக்கத்துக்கு மேல். 200 நாளுக்கும் அதிகம். ஜூனில் எடுத்தால் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்து நிற்கும். அப்போது பிள்ளை இரண்டாம் பாகத்தின் கடைசியில், நடுக்கடலில் நிற்கும். தேர்வு முடிந்து திரும்பும்போது பெரிய பழுவேட்டரையர் யார், சின்னப் பழுவேட்டரையர் யார், ரவிதாசன் யாருக்கு வேண்டியவன் எல்லாம் கலைந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கப் பதினாறு வயதுக்குப் பொறுமை கிடையாது. புத்தகம் அலமாரிக்குப் போகும், கூடவே "நமக்கு நாவல் வராது" என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்ளும்.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959) ஏறக்குறைய 100 பக்கம். ஒரு பிற்பகல் ஜல்லிக்கட்டு, அதுதான் முழுக் கதை. பிச்சி எந்தக் காளைக்காக வந்து நிற்கிறான் என்பது தெரிந்த பிறகு எந்தப் பிள்ளையும் கீழே வைக்காது. முடித்தேன் என்ற நிறைவு முதல் நாவலில் கிடைக்க வேண்டும்.

கொள்ளிடம்:
வைகைக்கரை அண்ணன் சொல்வதே சரி. 2022, 2023இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு பெயர்க் குழப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைகளுக்கு முகம் தெரியும்.

அளவுகோல்:
முகம் தெரியும், முடிவும் தெரியும். பிறகு எதற்குப் படிக்கும்?

கொள்ளிடம்:
படத்து முடிவும் நாவல் முடிவும் ஒன்று என்று நினைப்பவர் நாவலை முடித்தவரா என்று சந்தேகமாக இருக்கிறது. 200ஆவது பக்கத்தில் நிறுத்திவிட்டீர்களோ?

நெல்லைச்சீமை:
'வாடிவாசல்' நூறு பக்கம்தான், ஆனால் மதுரைப் பக்கத்துப் பேச்சு நிரம்பியது. காளை அணைவது, திட்டிவாசல் என்று முதல் பத்து பக்கத்திலேயே பழகாத சொற்கள் வரிசையாக வரும். நகரத்துப் பிள்ளை அங்கேயே தடுக்கும். முதல் பத்து பக்கத்தைப் பெரியவர் ஒருவர் வாய்விட்டு வாசித்துக் காட்டினால் காதுக்குப் பிடிபட்டுவிடும், அப்புறம் பிள்ளையே ஓடும். பூமணியின் 'வெக்கை'க்கும் (1982) இதே வழிதான். பதினைந்து வயதுச் சிதம்பரம் ஒருவனை வெட்டிவிட்டு ஓடுவதில் கதை தொடங்குகிறது. தன் வயதுப் பையன் என்பதால் படிக்கிறவன் விடமாட்டான். கரிசல் பேச்சு காதில் ஏறிவிட்டால் போதும். பக்கக் கணக்கை விட இது முக்கியம்.

அளவுகோல்:
'வெக்கை' 200 பக்கத்தை ஒட்டித்தான் வரும். என் கட்சிக்கே சாட்சி சொல்கிறீர்கள். நன்றி.

வைகைக்கரை:
சாட்சியா? 'வெக்கை' பிடிப்பதற்குக் காரணம் அது முதல் வரியிலிருந்தே ஓட்டமாக இருப்பது. 600 பக்கம் இருந்தாலும் பிடிக்கும். நீங்கள் எதைப் பார்த்தாலும் 200, 200 என்றே படிக்கிறீர்கள்.

நாவல் தேர்ந்தெடுக்கிற முறையை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். முதலில், பிள்ளை ஏற்கெனவே எதை விடாமல் பார்க்கிறது என்று கேட்க வேண்டும். துப்பறியும் தொடர் பார்க்கிற பிள்ளைக்குச் சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்கள் கணேஷ்-வசந்த். 'கொலையுதிர் காலம்' பேயா அறிவியலா என்ற ஒரே கேள்வியில் கடைசி வரை இழுக்கும். ஆனால் வசந்தின் பேச்சு சில இடங்களில் பெரியவர்களுக்கானது, கொடுப்பவர் முன்னதாகப் படித்திருக்க வேண்டும். கணினி, ரோபோ என்று அலைகிற பிள்ளைக்கு 'என் இனிய இயந்திரா'. 1980களில் விகடனில் தொடராக வந்தது, 2021இல் நடப்பதாக எழுதப்பட்டது. அந்த ஆண்டு கடந்துபோய்விட்டதால் சுஜாதா ஊகித்ததில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிள்ளையே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே 'மீண்டும் ஜீனோ'வையும் கேட்டு வாங்கும். இரண்டாவது, ஒரே புத்தகத்தை வாங்கித் திணிக்காமல் மூன்றை மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயம் படிக்கச் சொல்லி, எது வேண்டும் என்று பிள்ளையைக் கேட்பது. மூன்றாவது, படித்த பிறகு "கதைச் சுருக்கம் எழுது" என்று கேட்காமல் இருப்பது. எழுதச் சொன்ன அன்றே அதுவும் பாடமாகிவிடும்.

இதில் எந்த இடத்தில் பக்க எண் வந்தது? சொல்லுங்கள்.

சாளரம்:
பெண் பிள்ளைக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) கொடுங்கள். லிஸி பெரியவளானதும் பள்ளியை விட்டு நிறுத்தி வீட்டுக்குள் வைக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிற உலகம் அவளுக்கு எப்படிச் சுருங்குகிறது என்பதைப் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆண் பிள்ளைகளும் படிக்க வேண்டியதுதான். கல்கி, சுஜாதாவைத் தாண்டி உங்கள் இருவருக்கும் பேச்சே வராதா?

வைகைக்கரை:
சாளரம் அக்கா, போன மாதம் சாண்டில்யன் இழையில் என்னை ஏசிய கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. 'புத்தம் வீடு' நல்ல நாவல், மறுக்கவில்லை. ஆனால் மெதுவானது.

சாளரம்:
சாண்டில்யன் வர்ணனைகளைப் பள்ளிப் பிள்ளைக்குச் சிபாரிசு செய்தவர் நீங்கள். 'யவன ராணி' முதல் பாகத்தை எடுத்து, பதினாறு வயதுப் பெண் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நாலு அத்தியாயம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், பார்ப்போம். அன்றைக்கும் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டீர்கள்.

வைகைக்கரை:
அது வேறு இழை. இங்கே கேள்வி 200 பக்கம்.

மணற்கேணி:
ஒன்று கேட்கலாமா? என் மகள் பதினொன்று படிக்கிறாள், கிரிக்கெட் பிடிக்கும், தமிழ் நிதானமாகத்தான் வாசிப்பாள். என்ன கொடுக்கலாம்?

நெல்லைச்சீமை:
அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977). செகந்தராபாத்தில் கல்லூரி மாணவன் சந்திரசேகரன், கிரிக்கெட், பின்னணியில் 1947-48 நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலம், நிஜாமுக்கு ஆதரவான ஆயுதப் படையான ரஜாக்கர்கள். வாக்கியங்கள் சின்னச் சின்னவை, வட்டாரப் பேச்சு கிடையாது, நிதானமாகப் படிப்பவருக்கு ஏற்றது. ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்த வரலாற்றை அரை பக்கம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வழி தெரியாமல் நின்றுவிடுவாள். கடைசிப் பகுதி கனமானது. நீங்கள் முதலில் படித்துவிட்டு, அவள் முடித்த அன்று பக்கத்தில் இருங்கள்.

அளவுகோல்:
நல்ல தேர்வு. பதிப்பைப் பொறுத்து 200க்குச் சற்று முன்பின் வரும்.

வைகைக்கரை:
முன்பின்னா? "தாண்டக் கூடாது" என்றவர் இப்போது முன்பின் என்கிறார். 201ஆவது பக்கத்தில் அந்தப் பெண் புத்தகத்தை மூடிவிட வேண்டுமா? எல்லாரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல்:
நான் எதையும் தளர்த்தவில்லை. 200 என்றால் 200. மணற்கேணி, சிறிய எழுத்துப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

வைகைக்கரை:
நிதானமாக வாசிக்கிற பெண்ணுக்குச் சிறிய எழுத்தா! நெருக்கி அச்சடித்த பக்கத்தில் கண் வரி மாறி விழும், அதே வரியை இரண்டு முறை படிக்கும். பக்க எண்ணைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் வாசிப்பைக் கெடுக்கிறார் இவர். மணற்கேணி, பெரிய எழுத்தாக, வரிகளுக்கு நடுவே இடம் விட்ட பதிப்பாக வாங்குங்கள். 260 பக்கம் ஆனாலும் ஆகட்டும்.

கொள்ளிடம்:
கல்கியே வேண்டும், நீளம் வேண்டாம் என்றால் 'பார்த்திபன் கனவு' இருக்கிறதே. யாரும் சொல்லவில்லை.

சாளரம்:
'சிவகாமியின் சபதம்' படித்த பிறகுதான் அதைப் படிக்க வேண்டும். கதைக் காலம் அந்த வரிசை.

கொள்ளிடம்:
தவறு. கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. அந்தச் சிவனடியார் யார் என்ற முடிச்சை அவிழ்க்கிற இன்பம் அதை முதலில் படிப்பவருக்குத்தான். 'சிவகாமியின் சபதம்' படித்தவர் பாதியிலேயே ஊகித்துவிடுவார்.

சாளரம்:
ஊகித்தால் என்ன? நரசிம்மவர்மரை இளைஞனாகப் பார்த்துவிட்டு வயதானவராகப் பார்ப்பதில் இருக்கிற கனம் முடிச்சில் இல்லை.

வைகைக்கரை:
வரிசைச் சண்டையைத் தனி இழையில் போடுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள், சுருக்கப் பதிப்புகளும் கலந்து விற்கின்றன. 'பொன்னியின் செல்வன்' வாங்கும்போது பொருளடக்கத்தைத் திறந்து எண்ணுங்கள். ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள் இருக்க வேண்டும். குறைந்தால் வெட்டிய பதிப்பு. வெட்டியதில் முடிச்சு இருக்கும், அவிழ்கிற இடம் போயிருக்கும், பிள்ளை கல்கியைத்தான் குறை சொல்லும். 200 பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்று அலைகிறவர்களுக்காகத்தான் அந்தச் சுருக்கங்கள் வருகின்றன.

அளவுகோல்:
சுருக்கப் பதிப்பை நான் எங்கே சொன்னேன்? எடுத்துக் காட்டுங்கள். முழுமையான சிறிய நாவலைக் கொடுங்கள் என்றுதான் மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

வைகைக்கரை:
முழுமையான சிறிய நாவல் என்றால் என்ன என்று இன்னும் சொல்லவில்லையே, எண் மட்டும்தான் சொல்கிறீர்கள். 199 பக்கத்தில் சலிப்பூட்டுகிற நாவல் பத்து பெயர் நாளைக்குப் பட்டியல் போடுகிறேன்.

அளவுகோல்:
போடுங்கள். 200 பக்கம். அதற்குள்ளேயே நல்லது பத்து நானும் போடுகிறேன்.

மணற்கேணி:
'18வது அட்சக்கோடு' எந்தப் பதிப்பு வாங்குவது என்று யாராவது சொல்லுங்களேன்.