மறு: சிச்சுவான் உணவின் ‘மா’வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நாலைந்து நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். போன மாதம் வேலையாகச் சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டு போனபோது இந்த ‘மா’ சுவையை நேரிலேயே பார்த்துவிட்டு வந்ததால், இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

> ஏன் சொல் தேட வேண்டும்? ‘மாலா’ என்றே எழுதிவிடலாமே.

எழுதலாம், ஆனால் படிப்பவருக்கு அது ஒரு பெண்ணின் பெயர். ‘மா’ என்று தனியாக எழுதினால் மாவு, மாமரம் என்றுதான் கண் போகும். சீனத்தில் அவை இரண்டு தனிச் சொற்கள். ‘மா’ நாக்கில் வரும் அந்த விநோத உணர்வு, ‘லா’ மிளகாய்க் காரம். செங்டுவில் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் சொல்கிறார்கள். நமக்கும் இரண்டு சொல் வேண்டும். ‘லா’வுக்குக் காரம் இருக்கிறது. ‘மா’தான் சிக்கல்.

நான் போனது புதுப்பாணி உணவகம். சிறு சிறு தட்டுகளாக, ஒவ்வொரு தட்டிலும் சிச்சுவானின் ஒரு சுவைச்சேர்க்கை. முதலில் வந்தது ‘ஜியாவ்மா’ கோழி: வேகவைத்து ஆறிய கோழியின் மேல் வெங்காயத்தாளையும் சிச்சுவான் மிளகையும் சேர்த்து அரைத்த பச்சை விழுது. மிளகாய் துளியும் இல்லை. இரண்டு வாய் சாப்பிடும்வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் எலுமிச்சைத் தோல் போல ஒரு வாசனை. அதன் பின்னாலேயே உதட்டோரத்தில் தொடங்கி நாக்கு முழுக்க ஒரு சன்னமான அதிர்வு. சின்ன வயதில் பேட்டரியின் முனையை நாக்கில் வைத்துப் பார்ப்போமே, அதேதான். தண்ணீர் குடித்தேன், தண்ணீரே லேசாகப் புளித்தது. வலி இல்லை, எரிச்சலும் இல்லை. காரம் வேறு, இது வேறு என்று அந்த ஒரு தட்டிலேயே புரிந்துவிட்டது.

> மரப்பு போதும். சீனத்தில் மயக்க மருந்து கொடுப்பதற்கும் இதே ‘மா’தான் வருகிறது.

உண்மைதான். அந்த ஓர் எழுத்துக்குச் சணல், அம்மைத் தழும்பு, மரத்துப்போதல் என்று பல பொருள். மாப்போ தோஃபு என்ற சிச்சுவான் சோயாக்கட்டிக் குழம்பின் பெயரில் வரும் ‘மா’ சுவையைக் குறிப்பதில்லை, அம்மைத் தழும்பு முகம் கொண்ட மூதாட்டி என்ற பொருளில் வருகிறது. நம் சொல் தொகுப்பில் மாப்போவை இந்தத் தலைப்பின்கீழ் சேர்த்துவிடாதீர்கள்.

ஆனால் மரப்பு என்றால் உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். பல் பிடுங்கும்முன் ஊசி போட்டால் வருவது மரப்பு. இங்கே உணர்ச்சி போகவில்லை, கூடுகிறது. 2013-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இந்த மிளகை உதட்டில் தடவி, விரல் நுனியில் ஒரு கருவியால் அதிர்வு கொடுத்து, உதட்டில் உணர்வதோடு ஒப்பிடச் சொன்னார்கள். நொடிக்குச் சுமார் 50 அதிர்வு என்று வந்தது. நம் வீட்டு மின்சாரமும் நொடிக்கு 50 சுழற்சிதான். மிளகில் உள்ள சான்ஷூல் என்ற பொருள் தொடு உணர்ச்சிக்கான நரம்புகளைத் தூண்டுவதால் இப்படி நடக்கிறது. ‘மரத்துப்போனது’ என்ற முடிந்துபோன வினை இதற்குப் பொருந்தவில்லை.

ஓயாமல் நடுங்குவதைத் தமிழ் எப்படிச் சொல்கிறது? இரட்டைக்கிளவியால். பல் வெடவெடக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, காது குறுகுறுக்கிறது. அதனால் நான் முன்வைப்பது ‘மரமரப்பு’. மரப்பின் பொருளும் இருக்கிறது, அடங்காத அதிர்வும் ஒலியிலேயே இருக்கிறது.

விறுவிறுப்பு, மதமதப்பு இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். நாக்கு விறுவிறு என்கிறது என்று வீட்டில் சொல்வது உண்டு, நல்ல சொல்தான். ஆனால் ‘விறுவிறுப்பான கோழி’ என்று உணவுப் பட்டியலில் போட்டால் கதையா கோழியா என்று கேட்பார்கள். மதமதப்பு என்றால் எங்கள் அம்மா சர்க்கரை நோயால் பாதத்தில் படும் அவதிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. சாப்பாட்டுக்கு அந்தச் சொல் வேண்டாம்.

இலக்கணமாகவும் ஒரு காரணம் உண்டு. நம் அறுசுவையில் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என எல்லாமே ‘-ப்பு’ என்றுதான் முடிகின்றன. வினையாகவும் வருகின்றன: இனிக்கிறது, புளிக்கிறது, துவர்க்கிறது. அந்த வரிசையில் ‘மரமரக்கிறது’ இடறாமல் உட்காருகிறது. துவர்ப்பும் காரமும்கூட நாவின் சுவைமொட்டுகள் மட்டும் அறிவன அல்ல, தொடு உணர்ச்சியும் சேர்ந்தவை. அவற்றைச் சுவை என்று எண்ணிய மரபுக்கு இது அந்நியமாக இருக்காது.

> நாங்கள் காரத்தை உறைப்பு எண்டுதான் சொல்லுவம். பல் டொக்டர் போடுறது விறைப்பூசி. ‘உறைப்பும் விறைப்பும்’ எண்டு வைத்தால் என்ன?

அக்கா, இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ‘மாலா’ போலவே இதிலும் இரண்டு சொல்லும் கைகோத்து ஒலிக்கின்றன. தயக்கம் ஒன்றே ஒன்றுதான்: தமிழ்நாட்டில் விறைப்பு என்றால் போலீஸ்காரர் நிற்கும் விதம். ஈழ வழக்கு என்ற குறிப்போடு இதையும் தொகுப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும். என் சொல் வென்றாலும் இந்தத் தொடரை இழக்கக் கூடாது.

அடுத்து, சிச்சுவான் மிளகுக்கு வைக்க வேண்டிய பெயர். ‘சீன மிளகு’ பிழை என்று ஒருவர் எழுதியிருந்தார். தாவரவியல்படி சரிதான். அது மிளகுக் கொடியின் உறவு இல்லை. எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை இருக்கும் குடும்பம். விதையைத் தள்ளிவிட்டு மேல்தோலைத்தான் சமைக்கிறார்கள். ஆனால் கடல் கடந்து வந்த காயை மிளகின் பெயரை வைத்தே ‘மிளகாய்’ என்று அழைத்தவர்கள் நாம். சீனர்களும் இதையேதான் செய்தார்கள், திசைதான் வேறு. அவர்கள் மண்ணின் ‘ஜியாவ்’ இந்தச் சிச்சுவான் மிளகு. பின்னால் வந்த நம் கருமிளகு அவர்களுக்கு ‘ஹூஜியாவ்’, அதாவது அயல்நாட்டு ஜியாவ். மிளகாய் ‘லாஜியாவ்’, காரமான ஜியாவ். சொந்த ஜியாவ் ‘ஹுவாஜியாவ்’ ஆனது. ஹுவா என்றால் பூ. தோல் வெடித்து விரிந்திருப்பதைப் பார்த்தால் சின்னப் பூ மாதிரியே இருக்கிறது. ஆகவே ‘பூமிளகு’. இதில் எனக்கு ஐயமே இல்லை.

(நம் ஊர்க் கடைகளில் ‘செஸ்வான்’ என்ற பெயரில் வரும் சிவப்புச் சட்னியில் பெரும்பாலும் பூமிளகு இருப்பதில்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு இந்த இழையில் வாக்களிக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.)

இன்னொன்று. ஒரே பாத்திரத்தை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் சிவந்த காரச் சாறும் மறுபக்கம் வெள்ளைச் சாறும் கொதிக்க வைக்கிறார்கள். அதன் பெயர் ‘யுவான்யாங்’ சட்டி. யுவான்யாங் என்பது இணை பிரியாத நீர்ப்பறவை, தம்பதியருக்கு உவமை. நம் சங்கப் பாடலில் இடையே ஒரு பூ வந்தாலும் ஓராண்டு பிரிந்ததுபோல் தவிக்கும் மகன்றில் இருக்கிறதே! ‘மகன்றில் சட்டி’ என்று வைக்கலாம். இரண்டும் ஒரே பறவை என்று நான் சொல்லவில்லை. உவமை ஒன்று, அதுவே பெயருக்குப் போதும்.

சரி, ஐயா, பதிவு இப்படி இருக்கட்டும்: ‘மா’ மரமரப்பு, ‘மாலா’ மரமரக்காரம், ‘ஹுவாஜியாவ்’ பூமிளகு. மிளகாய் இல்லாத ‘ஜியாவ்மா’வை என்ன செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. ‘பூமிளகு மரமரப்பு’ சொல்ல நீளமாக இருக்கிறது. யாராவது சுருக்கித் தாருங்கள்.

மரமரப்பை ஏற்காதவர்கள் பூமிளகு தேடி அலைய வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் அக்கரகாரம் கிடைக்கும். ஒரு சின்னத் துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட இதே உணர்வுதான். அந்த நேரத்தில் வாயில் தானாக என்ன சொல் வருகிறதோ, அதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

அன்புடன்