ரேட் மாத்தியாச்சு, கஸ்டமர் போன்ல மாறலை

குழு: பழைய வண்ணாரப்பேட்டை வீடு

குமார் மாமா (காலை 10:42): பிரகாஷ், தேவிமா, யார் கை காலியா இருந்தாலும் பாருங்க. ராத்திரியே வெப்சைட்ல ஆடி ரேட் ஏத்தியாச்சு. லுங்கி 240 இருந்தது இப்ப 210. கடையில ஒரு அம்மா போனை நீட்டுறாங்க, அதுல 240. பக்கத்துல நிக்கிறவர் போன்ல 210. எம்.சி. ரோடு முழுக்க ஆடிக் கூட்டம், நின்னு பேச நேரமில்லை.

செல்வி அத்தை: என் போன்லயும் 240 தான் காட்டுது.

பிரகாஷ்: இங்க 210 தெரியுது மாமா. சர்வர்ல புது ஃபைல் ஏறித்தான் இருக்கு.

தேவி: அண்ணா, லேப்டாப்ல எஃப்12 தட்டினா வர்ற டெவலப்பர் டூல்ஸைத் திறந்து வச்சிருக்கியா? நெட்வொர்க் பக்கத்துல 'டிசேபிள் கேஷ்' டிக் இருக்கும். கேஷ்னா பிரவுசர் சேர்த்து வச்சிருக்கிற காப்பி, அதை எடுக்காதேன்னு அந்த டிக் சொல்லுது. அது திறந்திருக்கிற வரைக்கும் உனக்கு மட்டும் எல்லாம் புதுசா வரும். போன்ல பாரு. ரீலோட் பண்ணாத, ரீலோட் பண்ணா பிரவுசர் சர்வர்கிட்ட போய் கேட்டுடும். கஸ்டமர் மாதிரி லிங்கைத் தட்டி உள்ள போ.

பிரகாஷ்: டிக் இருந்துச்சு. போன்ல 240 வருது.

தேவி: சரி, சைட்டோட ரெஸ்பான்ஸ் ஹெடர்ல, அதாவது பக்கத்தோட சேர்த்து சர்வர் அனுப்புற குறிப்புல, கேஷ்-கண்ட்ரோல்னு ஒரு வரி இருக்கா?

பிரகாஷ்: இல்லை. பக்கம் கடைசியா மாறின தேதி, லாஸ்ட்-மாடிஃபைடு, அது மட்டும் இருக்கு.

தேவி: அதான் விஷயம். இந்தப் பக்கத்தை எவ்ளோ நாள் வச்சுக்கலாம்னு சர்வர் ஒன்னுமே சொல்லலைன்னா, பிரவுசர் தானா ஒரு கணக்கு போட்டுக்கும். பக்கம் கடைசியா மாறி எவ்ளோ நாள் ஆச்சோ அதுல பத்துல ஒரு பங்கு. நம்ம ரேட் பக்கத்தை சித்திரைக்கு அப்புறம் யாரும் தொடலை, கிட்டத்தட்ட 100 நாள். அப்ப நேத்து சாயங்காலம் பார்த்தவங்க போன்ல 10 நாள் வரைக்கும் அந்தப் பழைய பக்கமே நிக்கலாம், சர்வரைக் கேக்கவே கேக்காது. முதல் தடவை வர்றவங்களுக்கு 210. நம்ம வாடிக்கையா வர்றவங்களுக்குத்தான் 240.

குமார் மாமா: வாடிக்கைக்காரங்களுக்கா தப்பு ரேட்டு 😟 கேஷ் கிளியர் பண்ணுங்கன்னு ஸ்டேட்டஸ் போட்டுடவா?

தேவி: வேணாம் மாமா. துணி வாங்க வர்றவங்களை செட்டிங்ஸ் நோண்டச் சொல்லக் கூடாது, அது நம்ம பக்கம் சரி பண்ண வேண்டிய வேலை. அதுவும் அவசரத்துல குக்கீஸையும் சேர்த்து அழிச்சா அவங்க எல்லா சைட்லயும் லாக்-அவுட் ஆயிடுவாங்க.

ஸ்டேட்டஸ்ல லிங்கை மட்டும் மாத்திப் போடுங்க. ரேட் பக்கத்து அட்ரஸ் முடியுற இடத்துல ஒரு கேள்விக்குறி, அதை ஒட்டி ஆடின்னு இங்கிலீஷ்ல. நடுவுல இடம் விடாதீங்க. பிரவுசருக்கு அது வேற அட்ரஸ், அதனால புதுசா எடுத்துக்கும். பக்கம் அதேதான்.

செல்வி அத்தை: நான் என்ன பண்ணட்டும்மா? கல்லாவுல இதைப் பார்த்துதான் சொல்றேன்.

தேவி: அத்தை, க்ரோம்ல அந்தப் பக்கத்தைத் திறந்து மேல மூணு புள்ளி, அதுல வட்ட அம்புக்குறி. ஒரு தடவை தட்டினா போதும். கடை கம்ப்யூட்டர்ல கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர்.

செல்வி அத்தை: வந்துடுச்சு 210 👍

பிரகாஷ்: சர்வர்ல நான் மாத்துறேன். ஹெச்டிஎம்எல், அதாவது பக்கம் எல்லாத்துக்கும் கேஷ்-கண்ட்ரோல்ல நோ-ஸ்டோர் போட்டுடவா?

தேவி: நோ-ஸ்டோர் வேணாம், நோ-கேஷ். பேரைப் பார்த்து ஏமாந்துடாத. நோ-கேஷ்னா வச்சுக்கோ, ஆனா ஒவ்வொரு தடவையும் என்கிட்ட கேட்டுட்டுக் காட்டுன்னு அர்த்தம். மாறலைன்னா சர்வர் 304 மட்டும் அனுப்பும், பக்கம் திரும்ப இறங்காது, கஸ்டமர் டேட்டாவும் மிச்சம். நோ-ஸ்டோர்னா வச்சுக்கவே கூடாது, ஒவ்வொரு தடவையும் முழுசா இறங்கும். அது பேங்க் கணக்கு மாதிரி பக்கத்துக்குத்தான்.

சர்வர் செட்டிங் எழுதுற ஹெச்டிஏக்ஸஸ் ஃபைல்ல எழுதுறப்போ இஃப்-மாட்யூலுக்குள்ள வை, அந்த மாட்யூல் இருந்தா மட்டும்தான் படிக்கும். ஹெடர் போடுற மாட்-ஹெடர்ஸ் மாட்யூல் ஆன்ல இல்லாம நேரா எழுதினா சைட் மொத்தமும் 500 எரர் காட்டும், ஆடி மாசத்துல அது வேணாம். பக்கத்துக்குள்ளயே மெட்டா டேக்ல நோ-கேஷ் எழுதுறதையும் நம்பாத. ஹெடர்தான் கணக்கு.

பிரகாஷ்: ஸ்டைல் ஃபைலும் படமும்?

தேவி: அதுக்கு நேர் எதிர். எவ்ளோ நேரம் வச்சுக்கலாம்னு சொல்ற மேக்ஸ்-ஏஜ் 31536000, ஒரு வருஷத்துக்கான செகண்ட். ஆனா ஒரு கட்டுப்பாடு: உள்ள இருக்கிறது மாறினா பேரும் மாறணும். ஸ்டைல் ஃபைலுக்கு பின்னாடி வி=12ன்னு இருந்தா அடுத்து வி=13. ஹெச்டிஎம்எல் எப்பவும் புதுசா வர்றதால புதுப் பேரை அதுவே சொல்லிடும். பேரை மாத்தாம ஒரு வருஷம் போட்டேன்னா அந்த போனை இங்கிருந்து தொடவே முடியாது.

மாமா, இது உங்களுக்கும்தான். பேனரை அதே பேர்ல மேல ஏத்திடுவீங்க இல்ல? இனிமே ஆடி-1, ஆடி-2ன்னு புதுப் பேர்ல ஏத்துங்க. பழைய படம் நிக்கிறதுக்கு முக்கால்வாசி காரணம் அதுதான்.

பிரகாஷ்: ஹெடர் போட்டாச்சு. ரேட் பக்கத்துல நோ-கேஷ் வருது. ரெண்டாவது தடவை திறந்தா 304.

குமார் மாமா: அப்ப முடிஞ்சுதா? வாசல்ல ஒட்டியிருக்கிற கியூஆர் ஸ்கேன் பண்ணா மட்டும் இன்னும் பழைய ரேட் கார்டு வருது.

தேவி: அது எங்க போகுது?

பிரகாஷ்: நேரா பிடிஎஃப்புக்கு. நம்ம சைட்டுக்கு முன்னாடி நின்னு காப்பி கொடுக்கிற க்ளவுட்ஃப்ளேரோட ஹெடர்ல ஹிட்னு வருது, அதாவது அவங்க வச்சிருந்த காப்பிதான் வருது, மேக்ஸ்-ஏஜ் 14400.

தேவி: ஹெச்டிஎம்எல்லை அது தானா சேர்த்து வைக்காது, பிடிஎஃப்பை வைக்கும். உள்ள போய் அந்த ஒரு அட்ரஸை மட்டும் பர்ஜ் பண்ணு, அவங்க வச்சிருக்கிற காப்பி அழிஞ்சிடும். பிரவுசர் எவ்ளோ நேரம் வச்சுக்கலாம்ங்கிற செட்டிங், பிரவுசர் கேஷ் டிடிஎல், 4 மணி நேரம்னு இருக்கும், அந்த 14400 அதுலேர்ந்துதான் வருது. அதை 'ரெஸ்பெக்ட் எக்ஸிஸ்டிங் ஹெடர்ஸ்'க்கு மாத்து, நம்ம சர்வர் சொல்றதையே அது கேக்கும். பர்ஜ் பண்றது அவங்க சர்வரைத்தான் காலி பண்ணும், கஸ்டமர் போனை இல்லை. காலையில ஸ்கேன் பண்ணவங்களுக்கு மத்தியானம் வரைக்கும் பழசுதான் வரும். அதுவரைக்கும் கியூஆர் மேல 210ன்னு பேப்பர்ல எழுதி ஒட்டுங்க மாமா.

குமார் மாமா: ஸ்டிக்கர் மறுபடி அடிக்கணுமா? 40 ஒட்டியிருக்கு.

பிரகாஷ்: வேணாம் மாமா. ஸ்டிக்கர்ல இருக்கிற அட்ரஸ் அப்படியே இருக்கட்டும், அதைப் புது பிடிஎஃப்புக்குத் திருப்பி விடுறேன். தேவி, திருப்பி விடுற கோடு 301 தானே?

தேவி: 302 அண்ணா! 301னா நிரந்தரம்னு பிரவுசர் மனசுல வச்சுக்கும். தீபாவளி ரேட்டுக்கு நீ வேற இடத்துக்குத் திருப்பினாலும் அது ஆடி பிடிஎஃப்புக்கே போய் நிக்கும். 302ன்னா ஒவ்வொரு தடவையும் வந்து கேக்கும். திருப்புற அட்ரஸுக்கும் நோ-கேஷ் சேர்த்துடு.

பிரகாஷ்: போட்டாச்சு. இன்னைக்கு ஸ்கேன் பண்ணாத போன்ல யாராவது பாருங்க.

குமார் மாமா: எதிர்க்கடைப் பையன் போன்ல ஸ்கேன் பண்ணேன். லுங்கி 210, நைட்டி ரேட்டும் புதுசு.